தோவாளை அரளியும் வாட்ஸாப் வைத்தியமும்

2024 மே மாசம் கேரளாவுல கோயில்கள நிர்வாகம் பண்ற தேவசம் போர்டு, இனிமே நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் அரளிப்பூ வேண்டாம்னு சொன்னப்போ மத்த ஊர்க்காரங்களுக்கு அது ஒரு நாள் நியூஸ், எங்களுக்கு அப்படி இல்ல. எங்க வீடு கன்னியாகுமரி மாவட்டத்துல, தோவாளைக்குப் பக்கம். நடுராத்திரில இருந்தே பூ மார்க்கெட் சத்தம் கேக்கும், சேலத்துல இருந்து அரளி மூட்டை வந்து இறங்கும், விடியுறதுக்குள்ள அதுல பாதி களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம்னு போயிரும். ஓணம் வந்தா சொல்லவே வேண்டாம். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த ஊரெல்லாம் திருவிதாங்கூர்லயும், கடைசில திருவிதாங்கூர்-கொச்சிலயும் தான இருந்துச்சு, அதனால அங்க கோயில்ல ஒரு பூவை நிறுத்துனா இங்க ஒருத்தர் வீட்ல அடுப்பு எரியுறது லேட் ஆகும், அவ்வளவு ஒட்டு.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். ஆலப்புழா பக்கத்துல ஒரு இளம்பெண், வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புற நேரத்துல உடம்புக்கு முடியாம போய் இறந்துட்டாங்க. வீட்டு முத்தத்துல நின்ன அரளியோட இலையையோ பூவையோ தெரியாம கடிச்சு மென்னதுதான் காரணமா இருக்கும்னு பேச்சு வந்துச்சு. அதே சமயத்துல பத்தனம்திட்டா பக்கம் வெட்டிப்போட்ட அரளியைத் தின்னு ஒரு பசுவும் கன்னும் செத்துச்சு. அதுக்கப்புறம்தான் திருவிதாங்கூர் தேவசம் போர்டு முடிவெடுத்துச்சு, மலபார் தேவசம் போர்டும் கூடவே எடுத்துச்சு. திருவிதாங்கூர் போர்டு கையில மட்டும் 1,200-க்கும் மேல கோயில் இருக்கு. பூஜைக்கு அரளி வைக்கலாம், ஆனா சாமிக்குப் படைச்சு ஜனங்க கையில குடுக்குற எதுலயும் அரளி இருக்கக்கூடாது, அதுக்குப் பதிலா துளசி, தெச்சி (இட்லிப்பூ), தாமரை போதும்னாங்க.

என்னைக் கேட்டா அது ரொம்பச் சரியான முடிவு. பூ வியாபாரத்த நம்பி இருக்குற ஊர்ல இருந்துக்கிட்டே சொல்றேன். பிரசாதம்னு இலைக்கீத்துல சந்தனமும் பூவும் சேத்துக் குடுக்குறாங்க, வாங்குனவங்க சந்தனத்த நெத்தில வச்சிட்டு பூவை காதுல சொருகிக்குவாங்க, சின்னப்பிள்ளை கையில குடுத்தா அது முதல்ல எங்க போகும்? வாய்க்குத்தான். பாயாசத்துக்கு மேல தூவுன பூவை யாரு ஒண்ணொண்ணா பொறுக்கி எடுக்கப்போறா.

அந்த வாரம் மார்க்கெட்ல எனக்குப் பழக்கமான பூக்கார அக்காகிட்ட கேட்டேன், கேரளா ஆர்டர் கொறஞ்சு போச்சுன்னு மொகம் வாடித்தான் இருந்தாங்க. ஆனாலும் அவங்க சொன்னது இன்னும் எனக்கு மறக்கல. "பிள்ளே, அரளிய வாயில வைக்கதுக்கா நாங்க கெட்டுதோம்? மாலைக்குள்ளது மாலைக்கு. எங்க அம்ம காலத்துலயே பூ கெட்டிட்டு கை கழுவாம சோத்துல கை வச்சா அடிதான்." அந்தக் கை கழுவுற பழக்கம் அவங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாருக்கும் இருக்கு. அரளி மொட்டைப் பறிக்கும்போது காம்புல இருந்து பால் மாதிரி ஒண்ணு கசியும், வெரல் நுனியெல்லாம் பிசுபிசுன்னு ஆயிரும், சிலருக்கு அதுலயே அரிக்கும். கண்ணைத் தேச்சா போச்சு. புஸ்தகத்துல எழுதி வச்சத படிச்சு வந்த எச்சரிக்கை இல்ல இது, தினமும் கையில தொடுறவங்களுக்கு தானா வந்த புத்தி.

அரளிய வச்சு எங்க ஊர்ல செய்யுற மாணிக்கமாலைய நீங்க பாத்திருக்கணும். வெள்ளை அரளி, செவ்வரளி, பச்சைக்கு நொச்சி இலை, இந்த மூணுதான். பூவை அப்படியே கோக்க மாட்டாங்க, ஒவ்வொண்ணா மடிச்சு, மடிச்ச முனை வெளிய தெரியாத மாதிரி நார்ல வரிசையா பின்னிப் பின்னி, பாய் முடையுற மாதிரி தட்டையா கொண்டுவருவாங்க. கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா பூவுன்னே தெரியாது, செவப்புக் கல்லு பதிச்ச பட்டை மாதிரி மின்னும். திருவிதாங்கூர் ராஜா பாத்துட்டு மாணிக்கம் மாதிரில்லா இருக்குன்னு சொன்னதாலதான் அந்தப் பேருன்னு ஊர்ல சொல்லுவாங்க. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கும் இந்த மாலை போயிருக்கு. 2025-ல இதுக்கு புவிசார் குறியீடு கெடைச்சது, கும்பகோணம் வெத்தலைக்குக் கெடைச்ச அதே சமயத்துலதான். அரளின்னா விஷம், வேரோட புடுங்கி எறின்னு பேசுறவங்க இந்த மாலை பின்னுற ஒரு ஆள் பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காந்து பாக்கணும்னு எனக்கு ஆசை.

சரி, விஷம்னு சொன்னா எப்படி விஷம்?

அரளில இலை, பூ, வேர், பட்டை, விதை, பால் எல்லாத்துலயும் விஷம் இருக்கு. முக்கியமானது ஒலியாண்ட்ரின். நம்ம இதய தசைல ஒவ்வொரு செல்லுக்கும் சோடியத்த வெளிய தள்ளி பொட்டாசியத்த உள்ள இழுக்குற ஒரு பம்ப் இருக்கு, அந்தப் பம்பை இது போய் அடைச்சிரும். அடைச்சதும் செல்லுக்குள்ள கால்சியம் சேரும், ரத்தத்துல பொட்டாசியம் ஏறும், துடிப்போட தாளம் தப்பிரும், நாடி ரொம்ப மெதுவாகும், இல்லன்னா தாறுமாறா ஓடும். அதுக்கு முன்னாடி வாந்தி, வயித்துவலி, வயித்தால போறது, தலை சுத்துறது, கண்ணு மங்குறது எல்லாம் வரும், அத சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனச்சு சோடா குடிச்சிட்டு படுத்துருவாங்க பாருங்க, அங்கதான் நேரம் போயிரும். இன்னொண்ணு, காய வச்சாலும் வேக வச்சாலும் இந்த விஷம் போகாது. கொதிக்க வச்சுட்டா சரியாயிரும்ங்கிற நெனப்பு எப்படியோ நம்ம ஆளுங்க மனசுல பதிஞ்சிருக்கு, கெழங்குக்கு அது சரி, அரளிக்கு சரி இல்லவே இல்ல.

இதே மாதிரி வேலை செய்யுற ஒரு பொருள்தான் டாக்டருங்க இதய நோயாளிக்குக் குடுக்குற டிஜாக்சின். அதுவும் ஒரு பூச்செடில இருந்து வந்ததுதான், ஐரோப்பாவுல இருக்குற டிஜிட்டாலிஸ். வில்லியம் விதரிங்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் நாட்டு வைத்தியத்துல இருந்த அந்தச் செடிய எடுத்து வருஷக்கணக்கா நோயாளிங்களுக்குக் குடுத்துப் பாத்து, யாருக்கு எவ்வளவு குடுத்தேன், என்ன ஆச்சு, எங்க தப்பாச்சுன்னு எல்லாத்தையும் 1785-ல எழுதி வெளியிட்டாரு. அதுக்கப்புறமும் சும்மா விடல, பொருளைத் தனியா பிரிச்சு, அளந்து, இன்னைக்கு மாத்திரையில 0.25 மில்லிகிராம்னு நிக்குது. ஒரு கிராம்ல நாலாயிரத்துல ஒரு பங்கு! அதையும் ரத்தத்துல அளவு பாத்து, கிட்னி எப்படி இருக்குன்னு பாத்துத்தான் குடுக்குறாங்க, ஏன்னா மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவுல இடைவெளி அவ்வளவு கம்மி. நம்ம வேலிச் செடில எந்த இலைல எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்? செவப்புல ஒரு அளவு, வெள்ளைல ஒரு அளவு, வெயில் காலத்துல ஒண்ணு மழைல ஒண்ணு. அதனாலதான் எத்தனை இலை சாப்பிட்டா ஆபத்துன்னு கேக்குறவங்களுக்கு நான் எந்த நம்பரும் சொல்றது இல்ல, ஒண்ணும் வேண்டாம் அவ்வளவுதான்.

அப்போ நம்ம வைத்தியத்துல அரளி எங்க வருது? வருது, நல்லாவே வருது, ஆனா எங்க வருதுங்கிறதுதான் முக்கியம். திருவட்டாறு பக்கம் எங்க குடும்பத்துக்குப் பழக்கமான ஒரு ஆசான் இருக்காரு, வர்மமும் பாப்பாரு, எண்ணெயும் காச்சுவாரு. எங்க சித்தப்பாவுக்குக் கால்ல ரொம்ப நாளா படர்தாமரை இருந்து போகவே இல்ல, அவருகிட்ட கூட்டிட்டுப் போனோம். மொதல்ல கால முழுசா வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. சொறிஞ்சு புண்ணாயிருக்கான்னு வெரலால தடவிப் பாத்தாரு. ஒரு எடத்துல தோல் வெடிச்சிருந்துச்சு, அத பாத்ததும் இன்னைக்கு எண்ணெய் இல்ல, புண்ணு மூடட்டும், அப்புறம் வாங்கன்னு வெறும் கழுவுற கசாயம் மட்டும் குடுத்து அனுப்பிட்டாரு. புண்ணு வழியா உள்ள போயிருமாம். ரெண்டாவது தடவை போனப்பதான் அரளி வேர்ப்பட்டை சேத்த எண்ணெய் குடுத்தாரு, அதுவும் ஒரு சின்ன குப்பில, வெரல் அகலத்துக்கு மேல பூசாதீங்க, வீட்ல கொழந்தை கைக்கு எட்டாத எடத்துல வைங்க, பூசுன கைய சோப்பு போட்டுக் கழுவுங்கன்னு நாலு தடவை சொன்னாரு. சித்தப்பா சும்மா இருக்காம உள்ளுக்கு ஏதாச்சும் குடுத்தா சீக்கிரம் கேக்குமேன்னு கேட்டுட்டாரு. ஆசானுக்குக் கோவம் வந்துருச்சு. "அரளி மேலுக்கு மட்டும்தான் மக்கா. உள்ளுக்குக் கேட்டு இந்த நடைல ஏறாத."

அது ஒரு ஆசானோட பயம் மட்டும் இல்ல, மரபும் பெரும்பாலும் அப்படித்தான். சரக சம்ஹிதையில தோல் நோய்க்குன்னு பத்து மூலிகைய ஒரு கூட்டமா சொல்லிருக்கு, மஞ்சள், கருங்காலி, நெல்லி, ஏழிலைப்பாலை இதுங்களோட கரவீரம்னு அரளியும் அதுல இருக்கு. ஆயுர்வேதத்துல உபவிஷம்னு ஒரு வகை பிரிச்சு எருக்கு, ஊமத்தை, குன்றிமணி, கலப்பைக் கெழங்கு இதோட அரளியையும் வச்சிருக்காங்க. அந்த வகைல இருக்குற எதையும் சுத்தி, அதாவது விஷத்தைக் கொறைக்கிற சுத்திகரிப்பு, பண்ணாம மருந்துல சேக்கவே கூடாதுன்னு விதி. அரளி வேருக்கு சுத்தி எப்படின்னா, துணில முடிஞ்சு பானைல பசும்பால் ஊத்தி, முடிச்சு பாலுக்குள்ள தொங்குற மாதிரி கட்டி அவிப்பாங்க, அப்புறம் வேரைக் கழுவிக் காய வைப்பாங்க. அந்தப் பாலை யாரும் குடிச்சிரக்கூடாது, விஷத்த இழுத்த பால் அது. சித்த வைத்தியத்துலயும் கரப்பான், சொறி, வீக்கம்னு பெரும்பாலும் வெளிப்பூச்சுதான். எங்க பக்கம் பழைய ஆளுங்க தேள் கடிக்கு வேரை அரைச்சு மேல போட்டதும் உண்டு, இப்ப யாரும் அத நம்பி உக்காந்திராதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.

சட்டமும் இத கவனிச்சிருக்கு, அது நெறைய பேருக்குத் தெரியாது. 1945 மருந்து விதிகள்ல ஷெட்யூல் ஈ1-ன்னு ஒண்ணு உண்டு, சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துல சேருற விஷச் சரக்கோட லிஸ்ட் அது. சித்தா லிஸ்ட்ல அலரின்னு இருக்கும், ஆயுர்வேத லிஸ்ட்ல கரவீரம்னு இருக்கும். இதுல இருக்குற சரக்கு சேத்து உள்ளுக்குச் சாப்பிடுற மருந்து செஞ்சா, டாக்டர் மேற்பார்வைல மட்டும் சாப்பிடணும்னு லேபிள்ல எச்சரிக்கை போட்டே ஆகணும். மரபு, சட்டம், ஆஸ்பத்திரி மூணுமே ஒரே பக்கம் நிக்குது. எதிர்ப்பக்கம் நிக்குறது யாருன்னா நம்ம வாட்ஸாப் குரூப்பும் யூடியூபும்தான்.

எனக்கு மனசு ரொம்ப வலிக்கிற எடம் இதுதான். எங்க சொந்தக்காரங்க குரூப்லயே ஒரு ஃபார்வர்டு வந்துச்சு, செவ்வரளிப் பூவை கொதிக்க வச்சுக் குடிச்சா கேன்சர் கட்டி கரையுமாம், ஆயிரம் வருஷத்து ரகசியமாம். அத கையில தொட்டு வைத்தியம் பாத்தவங்க சுத்தி பண்ணாம இப்படி பூவை கொதிக்க வச்சுக் குடிக்கச் சொன்னது இல்லயே! அரளிச் சாறுல இருந்து எடுத்த ஒரு மருந்தை கேன்சருக்கு வெளிநாட்டுல ஆரம்பக் கட்ட பரிசோதனை வரைக்கும் கொண்டுபோனது உண்மைதான், ஆனா அதுல நோய் குணமாகுதுன்னு நிரூபணம் ஆகல, எந்த நாட்டு கேன்சர் ஆஸ்பத்திரிலயும் அது வழக்கமான மருந்தா வரவும் இல்ல. 2020-ல கொரோனா சமயத்துல ஒலியாண்ட்ரின் கொரோனாவுக்கு மருந்துன்னு அமெரிக்காவுல பெரிய எடத்துல இருந்தே கெளப்பி விட்டாங்க, அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அத சத்து மாத்திரையா விக்கக்கூட ஒத்துக்கல. அந்த ஃபார்வர்டு போட்டது எங்க பெரியம்மா, அவங்களுக்கு மார்ல கட்டி வந்து ஆபரேஷன் முடிஞ்சு கீமோ போயிட்டு இருந்த நேரம். பயத்துல எதையாச்சும் புடிச்சுக்கத் தோணுறவங்கள நான் கொறை சொல்லவே மாட்டேன். நேரா அவங்க வீட்டுக்குப் போய், பக்கத்துல உக்காந்து, பெரிம்மா, உங்களுக்கு ஏறுற மருந்துலயே செடி இருக்கலாம், நித்யகல்யாணில இருந்து எடுத்த வின்கிரிஸ்டின் ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைங்களுக்கு எத்தனையோ வருஷமா குடுக்குறாங்க, அந்த நித்யகல்யாணி அரளிக்குச் சொந்தக்காரச் செடிதான், ஆனா யாரும் அத அரைச்சுக் குடிச்சுக் கொணமாகல, பிரிச்சு அளந்து ஊசில ஏத்துனதாலதான் அது மருந்துன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. குரூப்ல இருந்தும் அத எடுத்துட்டாங்க.

மஞ்சள் அரளியப் பத்தியும் சொல்லணும். இது செவ்வரளியோட அண்ணன் தம்பி மாதிரி பேசுவாங்க, ஆனா வேற செடி, அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது, பூ புனல் மாதிரி தொங்கும், பச்சையா முக்கோணமா காய் காய்க்கும். விஷம் இதுக்கும் இதயத்துமேலதான். யாழ்ப்பாணத்துல 1980-கள்ல இருந்து இந்தக் கொட்டையால நெறைய உயிர் போயிருக்கு, அதுல நெறைய பேரு சின்ன வயசு. இலங்கை ஆஸ்பத்திரிகள்ல டாக்டருங்க விடாம இதப் படிச்சதாலதான் டிஜாக்சினுக்கு எதிரான எதிர்ப்புரதம் இந்த விஷத்துக்கும் வேலை செய்யும்னு 2000-ல உறுதியாச்சு. கேரளாவுல காயல் கரைல நிக்குற ஒதளமும் இதே குடும்பம், பூ மல்லி மாதிரி வெள்ளையா மணமா இருக்கும், காய் பச்சை மாங்கா மாதிரி இருக்கும், அங்க அதால போன உயிரும் கொஞ்சநஞ்சம் இல்ல. இத படிக்கிற யாருக்காவது மனசு கனத்துப் போய் இருந்தா 14416-க்கு ஒரு போன் போடுங்க, டெலி மானஸ், தமிழ்லயே பேசுவாங்க, காசு கெடையாது. இல்ல பக்கத்துல இருக்குற யாரையாச்சும் எழுப்புங்க.

தெரியாம யாராச்சும் வாயில போட்டுட்டா என்ன செய்யணும். வாயில இருக்குறத துப்ப வச்சு வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்க. வெரல விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்புத்தண்ணி, மோர், புளிக்கரைசல், சாணித்தண்ணி ஒண்ணும் வேண்டாம். 108 கூப்பிடுங்க, ஈசிஜி எடுத்து இதயத்தை தொடர்ந்து கவனிக்கிற வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரியா பாத்துப் போங்க, எங்க பக்கம்னா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ், எல்லைக்கு அந்தப்பக்கம்னா திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ். அந்தச் செடியோட ஒரு கொப்பை கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா போட்டோ எடுத்துக்கோங்க, டாக்டருக்கு அது பெரிய உதவி. ஆள் நல்லாத்தான் பேசிட்டு இருக்காருன்னு வீட்ல வச்சிருக்காதீங்க, நாடி அப்புறமா கூட எறங்கும். அங்க நாடி ஏற அட்ரோபின் போடுவாங்க, கரித்தூள் குடுப்பாங்க, தேவைப்பட்டா கொஞ்ச நாளைக்குப் பேஸ்மேக்கர் வைப்பாங்க. அந்த எதிர்ப்புரத ஊசி ரொம்ப வெலை, நம்ம ஊர்ல லேசுல கெடைக்காது, அதனால சீக்கிரம் போறதுதான் பெரிய மருந்து.

வீட்ல அரளி வைக்கலாமான்னு கேட்டா, தவழுற பிள்ளை இருந்தா கொஞ்ச வருஷம் வேண்டாம், ஆடு மாடு இருந்தாலும் வேண்டாம். பச்சையா நிக்கும்போது ஆடு மோந்து பாத்துட்டு விலகிரும், நாலுவழிச் சாலை நடுவுல வரிசையா அரளி வைக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம், தண்ணி அதிகம் கேக்காது, எதிர்ல வர்ற வண்டி லைட்டையும் மறைக்கும். ஆனா வெட்டிப்போட்டு காஞ்ச இலை வைக்கோலோட கலந்துட்டா மாட்டுக்குத் தெரியாது. கிளைய வெட்டுனா வேலி ஓரம் போடாம குழி வெட்டி மூடுங்க, எரிக்காதீங்க, அந்தப் புகையே ஆகாது. குச்சிய பல் குத்தவோ மீன் சுடவோ எடுக்காதீங்க, பூ மிதந்த தண்ணிய நாய்க்கு வைக்காதீங்க. மத்தபடி தெரு ஓரமா, மதிலுக்கு வெளிப்பக்கமா நட்டு வைங்க, சித்திரை வெயில்லயும் பூக்கும், விடியக்காலைல மொட்டைப் பறிச்சா சாமி படத்துக்கு மாலை கட்டிரலாம், கட்டி முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவிருங்க.